மேசைக்கு அடியில் நொயெமி

புதுச்சேரி
12 ஜனவரி 2025

மாக்சிம்,

வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் பண்ணிவிட்டாய். போன் போட்டால் ஒரு மணி அடித்ததோடு நின்றுபோகிறது. மெயிலை அடைக்க உனக்குத் தெரியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்த புதிதில் வாரம் தவறாமல் எனக்குக் கடிதம் போட்டவன்தானே நீ. இதற்கும் ஒரு பதில் போடு.

வீடு ஓய்ந்து கிடக்கிறது. மூன்று ராஜாக்கள் பண்டிகைக்கு நான் சுட்ட கலெத் கேக்கில் பாதி இன்னும் பிரிட்ஜில் இருக்கிறது. எடுத்துக் கொட்டவும் மனசில்லை, தின்னவும் மனசில்லை. நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அது ஒரு நாள் தாங்குமா? கடைக்குட்டி என்று உன்னை மேசைக்கு அடியில் உட்கார வைப்பார்கள். பப்பா கலெத்தை வெட்டி, "இந்தத் துண்டு யாருக்கு?" என்பார். நீ உள்ளேயிருந்து ஒரு பேர் சொல்லுவாய். யார் துண்டில் மொச்சை இருக்கிறதோ அவர்தான் அந்த வருஷத்து ராஜா. வருஷா வருஷம் அம்மாவே ராணியானதன் ரகசியம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. மொச்சை இருக்கும் துண்டு வந்ததும் பப்பா கால் கட்டைவிரலால் உன்னைக் கிள்ளுவாராம்! கள்ளப் பயல்களா.

பிரான்ஸில் உள்ளே பீங்கான் பொம்மை வைக்கிறார்கள். நம் அம்மாவுக்கு அதற்கு எங்கே போக? சமையலறை டப்பாவிலிருந்து ஒரு மொச்சைக்கொட்டை எடுப்பாள். யார் பல்லும் உடையக் கூடாது என்று முதல் நாளே ஊறப்போடுவாள். நானும் அப்படியே செய்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமியாரை, சரிதாவின் அம்மாவை, நேற்று தவளக்குப்பம் மார்க்கெட்டில் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். பேத்தி நொயெமியை நான் கவிழ்த்துப் போட்டு அடித்ததாக அங்கே பேச்சாம். அன்றைக்கு நடந்ததை எழுதி வைக்கிறேன், சரிதாவுக்கும் படித்துக் காட்டு.

முதல் துண்டு யாருக்கு என்று நீ கேட்டாய். "எனக்கு!" என்று மேசைக்கு அடியிலிருந்து நொயெமி கத்தினாள். எல்லோரும் சிரித்தோம். மேசைத்துணிக்குக் கீழே துண்டை நீட்டினாய். அப்புறம் துணியைத் தூக்கி அவளை நீ வெளியே இழுத்தபோது அவள் அழவில்லை, இருமவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. உதடு நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. இருமுகிற பிள்ளையை இருமவே விடலாம், இருமலே வெளியே தள்ளிவிடும். சத்தம் போட முடியாத பிள்ளைக்கு அந்த அவகாசம் கிடையாது. நீ அவள் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாய். கண்ணுக்குத் தெரியாததை விரலால் தேடினால் அது இன்னும் உள்ளே போய் அடைக்கும். அதனால்தான் உன் கையைத் தட்டிவிட்டேன். என் தொடையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் உள்ளங்கை அடியால் ஓங்கித் தட்டினேன். மொச்சை தெறித்தது. அவள் அழுதாள். என் ஆயுசில் அவ்வளவு நல்ல அழுகையை நான் கேட்டதில்லை.

அதற்கப்புறம் நான் சொன்ன வார்த்தைதான் உனக்கு முள்ளாக இருக்கிறது என்று தெரியும். பதற்றத்தில் வந்துவிட்டது. ஆனால் சொன்ன விஷயம் பொய் இல்லை.

மறுநாள் என் ஆஸ்பத்திரி வார்டுக்குக் கொண்டுவா, ஒரு தடவை நெஞ்சைக் கேட்டுவிடுகிறேன் என்று கெஞ்சினேன். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். குழந்தை எப்படி இருக்கிறாள்? அதையாவது எழுது.

எலிஸபெத்


துலூஸ்
15 ஜனவரி 2025

டாக்டர் எலிஸபெத் அவர்களுக்கு,

மெயில் கிடைத்தது. நீங்கள் அடித்ததாக நான் யாரிடமும் சொல்லவில்லை. காபி டம்ளர்களோடு சமையலறையிலிருந்து வந்த சரிதா, தன் பிள்ளை தலைகீழாகக் கிடப்பதையும் முதுகில் அடி விழுவதையும் பார்த்தாள். பார்த்ததை அவள் அம்மாவிடம் சொன்னாள். அதில் என்ன தப்பு?

பட்டாளத்தில் இருந்தபோது எனக்கும் முதலுதவி சொல்லிக்கொடுத்தார்கள். பொம்மையை வைத்துச் செய்து பரீட்சையில் பாஸும் ஆனேன். அன்றைக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. என் பிள்ளை என்பதால் வரவில்லை. அதைப் புரிந்துகொள்ள வேண்டிய ஆள் நீங்கள். ஜெரார் அண்ணன், அண்ணி, பக்கத்து வீட்டு விஜயராகவன் சார், எல்லாரும் நிற்கும்போது நீங்கள் சொன்னது இது: "நீ மட்டும் இருந்திருந்தா இந்நேரம் கொழந்தைய கொன்னுருப்ப." பொய் இல்லை என்று இப்போது மறுபடியும் எழுதுகிறீர்கள். நல்லது.

நொயெமிக்கு விமானம் ஏறியதிலிருந்து இருமல். நாய் குரைக்கிற மாதிரி இருமுகிறாள். இங்கே டாக்டர் லரிஞ்சித் என்றார். குளிர்காலத்தில் பாதிப் பிள்ளைகளுக்குத் தொண்டை வீங்கி இப்படி ஆகுமாம். சிரப் கொடுத்தார். இரண்டு நாள் நன்றாக இருந்தாள், மறுபடி ஆரம்பித்துவிட்டது.

எனக்கும் சின்ன வயசில் இதே இருமல் வரும் இல்லையா. பப்பா என்னைப் போர்வையில் சுற்றி வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தூக்கிப் போவார். படகு ஓரமாக மடியில் உட்கார வைத்துக்கொள்வார். ஈரக் காற்று முகத்தில் பட்டதும் மூச்சு லேசாகும். நீ செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடி வருவாய். நேற்று நொயெமியைத் தூக்கிக்கொண்டு பால்கனியில் நின்றபோது அது ஞாபகம் வந்தது. இங்கே கடல் இல்லை, கார் நிறுத்துகிற இடம்தான் தெரிகிறது.

பதில் தேவையில்லை.

மாக்சிம்


புதுச்சேரி
16 ஜனவரி 2025

மாக்சிம்,

பதில் தேவையில்லை என்றால் நான் கேட்பேனா? என்னை நீங்கள் போட்டு எழுதுவதை முதலில் நிறுத்து, படிக்கவே கூசுகிறது.

நான் செருப்பில்லாமல் ஓடி வந்தது வாஸ்தவம்தான். ஏன் என்று உனக்குத் தெரியாது. பப்பா வேகத்துக்கு ஓட என் செருப்பைக் கழற்றி ஒரு கையிலும், உன் செருப்பை இன்னொரு கையிலும் பிடித்திருப்பேன். திரும்பி வரும்போது நீ நடந்துதான் வருவாய் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். பப்பாவுக்கு வைத்தியம் ஒன்றும் தெரியாது, ஆனால் அவர் செய்தது அத்தனையும் சரி. உன்னைப் படுக்க வைக்க மாட்டார். நீ எப்படி உட்கார்ந்தால் மூச்சு வருகிறதோ அப்படியே மடியில் விட்டுவிடுவார். அம்மா மூக்கைச் சிந்தினால், "நீ அழுதா அவனும் அழுவான், அழுதா மூச்சு இன்னும் இறுகும், உள்ள போ" என்று அதட்டுவார். இன்றைக்கு என் வார்டில் புதிதாக வருகிற டாக்டர்களுக்கு நான் சொல்வதும் அதேதான். மூச்சுக்குத் திணறுகிற பிள்ளையைத் தாய் மடியிலிருந்து பிடுங்காதே, ஊசியைக் காட்டி அழ வைக்காதே, ஸ்பூனை வைத்துத் தொண்டையைப் பார்க்காதே.

இப்போது கேட்பதற்குக் கோபப்படாமல் பதில் சொல். உனக்கு வந்தபோதெல்லாம் முதலில் மூக்கு ஒழுகும், உடம்பு சுடும், அப்புறம்தான் குரைப்பு இருமல். நாலைந்து நாளில் போய்விடும். நொயெமிக்கு மூக்கு ஒழுகியதா? காய்ச்சல் இருந்ததா? மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் வருகிறதா, விடும்போதா? ஓடினால், சிரித்தால் அதிகமாகிறதா? குரல் எப்படி இருக்கிறது? சும்மா உட்கார்ந்திருக்கும்போது கழுத்துக்குக் கீழே இருக்கும் குழி உள்ளே இழுத்துக்கொள்கிறதா? அவள் மூச்சுவிடுவதைப் போனில் பதிவு பண்ணி அனுப்பு.

முக்கியமாக, மொச்சை தொண்டையில் மாட்டியதை அங்கே டாக்டரிடம் சொன்னாயா?

எச்சில் விழுங்க முடியாமல் ஒழுகினாலோ, உதடு கறுத்தாலோ, படுக்கவே முடியாமல் முன்னால் குனிந்து உட்கார்ந்தாலோ எனக்கு மெயில் எழுதிக்கொண்டிருக்காதே. ஆம்புலன்ஸைக் கூப்பிடு, அது வரும்வரை சரிதா மடியிலேயே இருக்கட்டும்.

அக்கா


துலூஸ்
19 ஜனவரி 2025

அக்கா,

நீ கேட்டது வைத்தியமா விசாரணையா என்று தெரியவில்லை.

மூக்கு ஒழுகவில்லை. காய்ச்சல் இல்லை. உள்ளே இழுக்கும்போதுதான் சத்தம். குரல் கட்டிக் கிடக்கிறது. நாள் முழுக்கப் பாடிக்கொண்டு திரிந்தவள் இப்போது எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுகிறாள். எக்ஸ்ரே எடுத்தார்கள், சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது தடவையாக அதே சிரப். போதுமா?

மொச்சையைப் பற்றி நான் ஏன் சொல்ல வேண்டும்? அது வெளியே வந்துவிட்டது. நீயே எடுத்தாய், எல்லாரும் பார்த்தோம். முடிந்துபோன கதையை இங்கே வந்து சொன்னால் அந்த டாக்டரம்மா என்ன கேட்பாள்? மூன்று வயசுப் பிள்ளைக்கு மேசைக்குக் கீழே கேக் கொடுத்தது யார் என்பாள். கொடுத்தது நான். அதற்குள் கொட்டையை வைத்தது யார் என்பாள். ஐந்து வயசுக்குக் குறைந்த பிள்ளைக்கு மல்லாட்டை கொடுக்காதே, எந்தக் கொட்டையும் கொடுக்காதே என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற டாக்டர் நீ. உன் வீட்டு கலெத்தில் மட்டும் மொச்சை இருக்கலாம். அம்மா வைத்தாள், அதனால் நீயும் வைத்தாய். உன்னை யாரும் கேட்கவில்லை. விரலை விட்டவன்தான் கொலைகாரன்.

உனக்கு ஒன்று தெரியுமா? அவள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மூச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். டிராம் ஓட்டப் போகும்போது கண் எரிகிறது. கேட்கிற ஒவ்வொரு மூச்சுக்கும் உன் வார்த்தைதான் காதில் விழுகிறது.

இனி என் வீட்டில் கலெத் கிடையாது. ஊருக்கு வருவதையும் யோசிக்க வேண்டும்.

சரிதா சொன்னதால் பதிவை இணைத்திருக்கிறேன். எனக்கு விருப்பமில்லை.

மாக்சிம்


புதுச்சேரி
20 ஜனவரி 2025

மாக்சிம்,

இதைப் படித்த உடனே நொயெமியைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போ. மீதியை அங்கே உட்கார்ந்து படி.

பதிவைக் கேட்டேன். எங்கள் வார்டு சிஸ்டர் கலைவாணியைக் கூப்பிட்டு அவளையும் கேட்கச் சொன்னேன். இது வெறும் வீக்கத்தின் சத்தம் இல்லை என்று இரண்டு பேருக்கும் பட்டது. வீட்டுக்கு வந்து மேசையை ஒதுக்கினேன். விஜயராகவன் சார் கைகொடுக்க, சுவரோரம் இருக்கும் பீங்கான் அலமாரியை நகர்த்திப் பார்த்தேன். பின்னால் மொச்சை கிடந்தது. முழு மொச்சை இல்லை, மாக்சிம். பாதி. ஒரு பக்கம் உருண்டை, இன்னொரு பக்கம் தட்டை. தோல்கூட அதோடுதான் ஒட்டியிருக்கிறது. ஊறின கொட்டை இரண்டாகப் பிளந்திருக்கிறது.

மற்ற பாதியைத் தேடித் தரையில் தவழ்ந்தேன். கிடைக்கவில்லை. அன்றைக்கே பெருக்கித் தள்ளியிருக்கலாம், எறும்பு இழுத்துப் போயிருக்கலாம். அவள் குரல்வளைக்குக் கீழே தட்டையாகச் சொருகியும் இருக்கலாம். காற்று போக வழி விட்டுவிட்டு நிற்கிறது, அதனால்தான் மூச்சு இன்னும் ஓடுகிறது. சிரப் வீக்கத்தைக் குறைக்கும்போது நன்றாக இருக்கிறாள், மருந்து தீர்ந்ததும் சத்தம் திரும்புகிறது. மொச்சை எக்ஸ்ரேயில் தெரியாது. படம் சுத்தமாக இருப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மயக்கம் கொடுத்து, குழாய் விட்டு, கண்ணால் பார்க்க வேண்டும். அந்த டாக்டர் மேல் குற்றம் இல்லை. அவரிடம் சொல்ல வேண்டியதை நாம் சொல்லவில்லை.

"பண்டிகை அன்று மொச்சை மாட்டியது, பாதிதான் வெளியே வந்தது, அன்றைக்கு மறுநாளிலிருந்து இந்தச் சத்தம்." இந்த ஒரு வாக்கியத்தைச் சொல். யார் கொடுத்தது என்று கேட்டால் என் பேரைச் சொல். என் பட்டத்தையும் சேர்த்துச் சொல். தெறித்து விழுந்ததை எடுத்துப் பார்க்காதவள் நான்தான். பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டது என்று வருகிற ஒவ்வொரு தாயிடமும், முழுசாக வந்ததா என்று முதலில் கேட்பேன். என் வீட்டில் கேட்கவில்லை, உன்னைத் திட்டிக்கொண்டு நின்றேன்.

சரிதாவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. வாய்ஸ் மெசேஜ் போட்டிருக்கிறேன். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தவளக்குப்பம் போய் அவள் அம்மா வீட்டு வாசலில் நின்றேன். முதலில் அவர் கதவைப் பாதிதான் திறந்தார். பாதி மொச்சையைக் கையில் வைத்துக் காட்டினேன். "எம்பேத்தி நெஞ்சுல இருக்குதா இது?" என்று கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே மகளுக்கு விடாமல் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்.

வழியில் அழ வைக்காதே. குடிக்கவோ தின்னவோ எதுவும் கொடுக்காதே. படுக்க வைக்காதே. கோபமெல்லாம் அப்படியே இருக்கட்டும், நான் எங்கும் ஓடிவிட மாட்டேன். இப்போது போ.

அக்கா


துலூஸ்
23 ஜனவரி 2025

அக்கா,

சரிதா போனில் உன்னிடம் சொன்னது பாதி, அழுதது பாதி, நீ எவ்வளவு கேட்டாய் என்று தெரியவில்லை. அதனால் முழுசாக எழுதுகிறேன்.

உன் மெயிலைப் பார்ப்பதற்கு முன்பே தவளக்குப்பத்திலிருந்து சரிதா அம்மாவின் போன் வந்துவிட்டது. "கொழந்தைய தூக்கினு ஓடுங்க, நொயெமியோட அத்த சொல்றது உண்மதான்" என்று ஒரே கத்தல். ஆஸ்பத்திரியில் நீ எழுதிய வாக்கியத்தை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள் அங்கே இருந்த சின்ன வயசு டாக்டர். அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. யார் கொடுத்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை அக்கா. அதற்காகத்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மயக்கம் கொடுக்கும் அறைக்கு ஒருத்தர்தான் வரலாம் என்றார்கள். சரிதா என்னைப் போகச் சொன்னாள். நான் போனேன். அவளைப் படுக்க வைக்கவில்லை. என் மடியில் உட்கார வைத்து, முகமூடியை என் கையிலேயே கொடுத்தார்கள். அவளாகவே பிடித்துக்கொள்வாள், பயப்படாமல் பேசிக்கொண்டிருங்கள் என்றார்கள். பப்பா கடற்கரையில் எனக்குச் சொல்வாரே, குருசுக்குப்பத்துப் படகு எது, வைத்திக்குப்பத்துப் படகு எது, எதில் என்ன மீன் வரும் என்று. அந்தக் கதையைச் சொன்னேன். வஞ்சிரம் வரைக்கும் வந்தோம். தூங்கிவிட்டாள்.

வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

பாதி மொச்சை வந்துவிட்டது. குரல்வளைக்குக் கீழே, நீ சொன்ன இடம்தான். நன்றாக வீங்கிப் புண்ணாகியிருந்ததாம். இன்னும் சில நாள் விட்டிருந்தால் என்று ஆரம்பித்து, அதை எடுத்த டாக்டர் முடிக்காமல் நிறுத்திக்கொண்டார். இரண்டு நாள் அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். இன்றைக்கு மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். குரல் இன்னும் கரகரப்பாகத்தான் இருக்கிறது. சத்தம் இல்லாமல் மூச்சுவிடுகிறாள். கதவோரம் நின்று நானும் சரிதாவும் மாறி மாறிக் கேட்கிறோம், ஒன்றுமே கேட்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

ஒன்று கேட்க வேண்டும். அங்கே டாக்டரிடம் கேட்க வாய் வரவில்லை. அந்தப் பாதியை உள்ளே தள்ளியது என் விரலா? மறைக்காமல் சொல். நீ சொன்னால் நம்புவேன்.

மாக்சிம்


புதுச்சேரி
25 ஜனவரி 2025

மாக்சிம்,

உன் மெயிலை வார்டிலேயே படித்தேன். கலைவாணி என் கையிலிருந்து போனை வாங்கித் தானும் படித்துவிட்டு, "வஞ்சிரம் வரைக்கும் வந்தாங்களாமா" என்று சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நீ கேட்டதற்குப் பதில்: எனக்குத் தெரியாது. உன் விரலாக இருக்கலாம். நான் முதுகில் தட்டியதில் பாதி வெளியே போய், பாதி அவள் அடுத்து இழுத்த முதல் மூச்சோடு கீழே போயிருக்கலாம். கலெத்தைக் கடித்தபோதே பிளந்து இரண்டும் இரண்டு இடத்தில் நின்றிருக்கலாம். எந்த டாக்டராலும் இதைச் சொல்ல முடியாது. உன் விரல் இல்லவே இல்லை என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய், எனக்கும் எழுத ஆசைதான். ஆனால் மறைக்காமல் சொல் என்று கேட்டிருக்கிறாய்.

எனக்குத் தெரிந்தது வேறு ஒன்று. இத்தனை நாளாக அந்தச் சாயங்காலத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். நொயெமி "எனக்கு!" என்று கத்தினாள், நீ துண்டைக் கொடுத்தாய், அடுத்த துண்டு யாருக்கு என்று கேட்டாய். பதில் வரவில்லை. ஜெரார் அண்ணன், "வாயி நெறைய கேக்கு, எங்கேர்ந்து பேசும்" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். முப்பது வருஷமாகப் பிள்ளைகளின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுப் பிழைக்கிறவள், அவளுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்துகொண்டு சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. கத்தியைக் கீழே போட்டுவிட்டு மேசைத்துணியைத் தூக்கினாய்.

நேற்று ஜெரார் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணியையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். விஜயராகவன் சாரை வாசலிலேயே நிறுத்திச் சொன்னேன். தவளக்குப்பம் போய் சரிதாவின் அம்மாவிடமும் சொன்னேன், அவர் எனக்குக் காபி கொடுத்தார். அன்றைக்கு யார் யார் காதில் என் வார்த்தை விழுந்ததோ அத்தனை பேரிடமும் சொல்லி முடித்துவிட்டேன், நீ ஒருத்தன்தான் பாக்கி.

உன் பிள்ளையின் சத்தம் நின்றுபோனது முதலில் உனக்குத்தான் கேட்டது, மாக்சிம். எனக்குக் கேட்கவில்லை. நீ மட்டும் அங்கே இல்லாமல் இருந்திருந்தால், நாங்கள் இன்னும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருந்திருப்போம்.

அக்கா